நாற்பது மில்லிமீட்டர்

வீகோ துறைமுகத்தில்
படகுகளின் அடிவயிற்றைச் சுரண்டுவது என் தொழில்.
கொட்டலசு, பாசி, பேர் தெரியாத வழவழப்பு.
வலது கையில் இரும்புச் சுரண்டி.
இடது கையில், ரப்பர் உடுப்பின் மேல் இறுக்கிக் கட்டிய
ஒரு பொய்.

பொய் என்று சொன்னது ப்ரைஸ்,
மேலே நின்று கயிறு பிடிப்பவன்.
கடைக்காரர் சொன்ன சொல் வேறு: மரியாதை.
அறுபது வருடத்துக்கு முன் வந்த ஒரு கடிகாரத்துக்கு
இது செய்கிற மரியாதையாம்.
அந்தப் பழையதை விற்றால்
எங்கள் தெருவில் மூன்றாம் மாடியில் ஒரு வீடு வாங்கலாம்.
லிஃப்ட் இல்லாத வீடு. ஆனாலும் வீடு.
மரியாதையின் விலை இருநூற்று நாற்பது யூரோ,
அதுவும் இரண்டு தவணையில்.

டயலில் பெயர் மட்டும் வேறு.
பன்னிரண்டில் அதே முக்கோணம், அதே தடித்த நிமிட முள்,
ஒரே பக்கம் சுற்றும் அதே கறுப்பு வளையம்.
எண்களின் மேல் அந்த இளமஞ்சள் கூட.
அசலில் அது அறுபது கோடை காய்ந்து வந்த நிறம்.
இதில் தொழிற்சாலையிலேயே பூசிவிட்டார்கள்.
நரையோடு பிறந்த பிள்ளை.

புலியைப் பார்த்துப் பூனை போட்டுக்கொண்ட சூடு.
எனக்குத் தெரியாதா?
தெரிந்துதான் வாங்கினேன்.
ஆனால் என் பூனை
தினமும் தண்ணீரில் இறங்குகிறது.

போன செப்டம்பரில் புலியை நேரில் பார்த்தேன்.
ஒத்தேரோ என்பவரின் பாய்மரப் படகு,
சுழலியில் நைலான் கயிறு சிக்கிக் கிடந்தது.
அறுத்தெறிந்துவிட்டு மேலேறி ரசீதை நீட்டினேன்.
கையெழுத்துப் போட அவர் கை வந்தது.
நான் வாய் திறக்கும் முன்
என் கண் போய் அங்கே ஒட்டிக்கொண்டது.
அவரும் என் கையைப் பார்த்தார்.
சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

"மாமனாருடையது" என்றார்.
"உள்ளே ரப்பர் எல்லாம் போய்விட்டது.
மழை வந்தால் சட்டைப் பையில் போட்டுவிடுவேன்."
பிறகு என்ன தோன்றியதோ,
கழற்றி நீட்டினார்:
"போட்டுப் பாருங்கள், உஷியா."

உடுப்பை இடுப்புவரை உரித்தேன்.
கையை எதில் துடைப்பது என்று தெரியாமல்
தலைமுடியில் துடைத்தேன்.
மணிக்கட்டில் ஒரு வெள்ளை வட்டம்,
தண்ணீருக்கு வெளியே நான்கு கோடை
என் கடிகாரம் வெயிலை மறைத்த இடம்.
அதில் போய் உட்கார்ந்தது அசல்.
ஒரு நூல் வெளியே இல்லை.
நாற்பது மில்லிமீட்டர்.

நான்கு வருடமாக என் போலி
இதற்குத்தான் துண்டு போட்டு
இடம் பிடித்து வைத்திருந்ததா?

எடை குறைவுதான். சத்தத்தில் லேசான மூச்சிரைப்பு.
என்ன நினைத்தாய் என்று ப்ரைஸ் பிறகு கேட்டான்.
ஓடிவிடலாமா என்று நினைத்தேன்.
காலில் வாத்துச் செருப்பு.
அது இல்லாதிருந்தால்
இன்னும் கொஞ்சம் நினைத்திருப்பேன்.

பதினொரு நொடி. அதன் முள்தான் எண்ணியது.
திருப்பிக் கொடுத்தேன்.

"உங்களுடையது தண்ணீர் தாங்குமா?" என்று கேட்டார்.
"தாங்கும்."
அந்த ஒரு சொல்லில் எங்கிருந்தோ வந்து ஏறியது மிதப்பு.
எனக்கே பிடிக்கவில்லை.
மறைக்கவும் இல்லை.

இன்று பிப்ரவரி. தண்ணீர் பன்னிரண்டு டிகிரி.
நெத்திலிப் படகு ஒன்று, கலங்கிய பச்சையில்
மேலே கறுத்துத் தொங்குகிறது.
வளையத்தைத் திருப்பி
முக்கோணத்தை நிமிட முள்ளோடு சேர்க்கிறேன்.
முப்பத்தெட்டில் ஒரு 'கிளிக்' வராது;
சுக்கானில் இடித்த நாளிலிருந்து.
விளிம்பில் கறுப்பு சாம்பலாகிக்கொண்டு வருகிறது.
இதை யாரும் பூசவில்லை.

படகின் நிழலுக்குள் போனதும்
அந்தப் பொய் மஞ்சள் பச்சையாக எரிகிறது.
இருபத்தாறு நிமிடக் காற்று பாக்கி.
சுரண்டுகிறேன்.

ராத்திரி ஏலப் பட்டியலைப் பார்ப்பேன்,
வழக்கம்போல்.